எல்லாச் சருமத்துக்கும்

பூசினேன் டாக்டர், தினமும் பூசினேன்... என்று பிள்ளை இரண்டு தரம் சொன்னாளே, இரண்டு தரமும் அந்த டாக்டரம்மா பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டு நம்பாமல் பார்த்தாளே, மூன்றாம் தரம் சொல்லாமல் தைனாரா தலையைக் குனிந்துகொண்டாளே, அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா, பெற்றவள் என்று பக்கத்து நாற்காலியில் எதற்கு உட்கார்ந்திருந்தாய் ஜுசேலியா, அழகு பார்க்கவா? "பதினஞ்சு வயசாச்சு, சின்னக் குழந்தையாம்மா நீ? சன்ஸ்கிரீன் பூசாம வெயில்ல சுத்தினா லூபஸ் சும்மா இருக்குமா? இந்தத் தடவை கிட்னியில கை வெச்சிருக்கு, புரியுதா?" என்று டாக்டரம்மா கத்த, ஜுசேலியா என்ன செய்தாள், ஆமாம் டாக்டர் என்று தலையாட்டினாள். ஆட்டினாளே, பாவி! பஸ் சல்வதோர் நகரத்தின் கடலோரச் சாலையில் திரும்பியது, வெயிலும் கூடவே திரும்பி மகளின் தோளில் வந்து விழுந்தது, ஜுசேலியா சட்டென்று பரிசோதனைக் காகிதங்கள் இருந்த கோப்பைத் தூக்கி ஜன்னலில் வைத்து மறைத்தாள். கை வலித்தது. வலிக்கட்டும்.

தன் உடம்பே தன்னைத் தின்கிற வியாதியாம், வெயில் பட்டால் கிளர்ந்துகொள்ளுமாம், வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு வந்து வாய்த்திருக்கிறது பார்... போன வருஷம் வியாதிக்குப் பெயர் தெரிந்த அன்றைக்கே ஓடிப்போய் சன்ஸ்கிரீன் வாங்கினாள், காசைப் பார்க்கவில்லை, டியூபில் கொட்டை எழுத்தில் எல்லாச் சருமத்துக்கும் என்று போட்டிருந்தது. யார் அந்த எல்லாரும்? பூசினால் பிள்ளையின் கன்னம் சாம்பல் பூத்த கரிக்கட்டை மாதிரி ஆனது, தேய்த்தால் திட்டுத்திட்டாக நின்றது, வியர்த்தால் கழுத்தில் வெள்ளை வெள்ளையாக வழிந்தது. மாற்றினாள், அது எண்ணெய் வடிந்தது, மறுபடி மாற்றினாள், அது ஊதா அடித்தது. நிறம் சேர்த்தது இருக்கிறது என்றார்கள், பெட்டியில் சரும நிறம் என்று எழுதியிருந்தது, திறந்தால் இளஞ்சிவப்பு. மருந்துக்கடைப் பெண் ஒன்றை எடுத்துத் தன் புறங்கையில் தடவிக் காட்டி, "இதாங்க்கா இருக்கறதுலயே கருப்பு" என்றாள், அவளுக்கே அது வெளிறித்தான் இருந்தது, அப்புறம் தைனாராவை ஏற இறங்கப் பார்த்து, "உங்க நிறத்துக்கு இதெல்லாம் எதுக்குக்கா, வெயிலு உங்களை ஒண்ணும் பண்ணாதே" என்று சிரித்தாள். அவளை என்னவென்று சொல்வது, ஜுசேலியாவே அதுநாள் வரை அப்படித்தானே நம்பியிருந்தாள், அவள் அம்மா நம்பினாள், தெருவே நம்பியது.

பள்ளிக்கூடத்தில் விட்டுவைப்பார்களா? "மாவு மூட்டையில விழுந்தியாடி?" என்று ஒருத்தி ஆரம்பித்தாளாம், அப்புறம் பெயரே மரவள்ளி மாவு என்று ஆகிவிட்டதாம், கணக்கு வாத்தியார்கூட ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாராம். தைனாரா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. வாசலைத் தாண்டியதும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள், துணி துவைக்கும்போது கைக்குட்டையில் பிசுபிசுவென்று வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும், ஜுசேலியா கேட்காமலே அதைக் கசக்கிப் பிழிந்து காயப்போடுவாள். அப்போதுதான் ஜுசேலியா கூட்டிப் பெருக்குகிற அழகு நிலையத்தின் முதலாளி செனாயிதே அம்மாள் முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷன் புட்டி ஒன்றைப் பாதி தீர்ந்த நிலையில் கொடுத்தாள், "நல்ல கருப்பு, இங்க யாருக்கும் ஆகலை, உன் பொண்ணுக்கு வெச்சுக்கோ." வீட்டுக்கு வந்து டியூபைப் பிதுக்கி அந்தக் கருப்பில் ஒரு கரண்டி ஊற்றிக் குழைத்தாள், போதவில்லை, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று, கடைசியில் பிள்ளையின் கன்னத்தோடு கன்னமாக ஒட்டிப்போகிற நிறம் வந்தபோது சன்ஸ்கிரீன் பாதிகூட இல்லை, ஆனால் அதையெல்லாம் யார் பார்த்தார்கள், அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. புதுசு கண்ணு, உனக்குன்னே வந்திருக்கு என்று பொய் சொல்லித்தான் கொடுத்தாள்.

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பிள்ளை மறுபடி சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போனாள், காராமணி வடைக்குக் காரம் கூட வேண்டும் என்று கடைக்காரியிடம் சண்டை போட்டாள், ஒருநாள் சாயங்காலம் சமையலறையில் தானாகவே ஆடினாள், பாட்டுக்கூட இல்லாமல். ஜுசேலியா அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டாள், என் மகளுக்கு நானே மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று. அப்புறம் கணுக்கால் வீங்கியது, சிறுநீர் சோப்பு நுரை மாதிரி நுரைத்தது, முழங்கை மூட்டெல்லாம் நெருப்பாய்ச் சுட்டது... அழகு நிலையத்துக்கு வந்த நர்ஸ் ஒருத்தி போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னாள், "சன்ஸ்கிரீன்ல எதையாவது கலந்தா அவ்வளவுதான், தண்ணி கலந்த பால் மாதிரி." துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள் ஜுசேலியா. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீட்டில் சொல்லியிருக்கலாம், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம், பழியை அந்தப் பிஞ்சுத் தலையில் இறக்கிவைத்துவிட்டு இப்போது கோப்பால் வெயிலை மறைக்கிறாளாம், வெட்கமாக இல்லை? சொல், இப்போதாவது சொல், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சொல்.

"நான் கலந்துதான்டி குடுத்தேன்" என்றாள், குரல் தனக்கே கேட்கவில்லை போலிருந்தது. "அந்த கிரீம்ல."

"தெரியும்" என்றாள் தைனாரா, கடலைப் பார்த்தபடியே.

"என்னடி தெரியும்?"

"மொத வாரமே நீ குழைக்கறதப் பாத்துட்டேன். ஃபோன்ல தேடிப் பாத்தேன், கலந்தா வேலை செய்யாதுன்னு போட்டிருந்துச்சு."

"அடிப்பாவி, தெரிஞ்சுமா பூசிக்கிட்ட? அந்தம்மா அந்தக் கத்து கத்தறா, அப்பவாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா உன்னைத் திட்டுவாங்கல்ல."

வாய் அடங்கினால்தானே, பயம் வந்தால் கோபமாய்த்தானே வருகிறது இந்த வாய்க்கு, "நாலு கழுதைங்க சிரிக்குதுங்கன்னு யாராவது கிட்னியக் குடுப்பாங்களாடி? ஸ்கூல்ல சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டுமே!"

"ஸ்கூல்ல சிரிச்சதெல்லாம் அப்புறம்தாம்மா" என்றாள் மகள், கோபமே இல்லாமல். "மொத நாளு நீதான் சிரிச்ச."

நானா... இல்லையே, எப்போது, முதல் நாள் என்றால் கிரீம் பூசிக்கொண்டு முதன்முதலாகப் பள்ளிக்குக் கிளம்பிய அந்தத் திங்கட்கிழமை, அடுப்பில் சோள மாவு வெந்துகொண்டிருந்தது, நேரமாகிவிட்டது, தைனாரா கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, சரியா இருக்காம்மா என்று கேட்டாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, சீருடையின் காலரில் வெள்ளை பட்டிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதற்கு அப்புறம்? தான் என்ன சொன்னாள்? ஆவிக்கு நடுவே பிள்ளையின் முகம் தெரிகிறது, அந்த முகம் மெல்லச் சுருங்குவதும் தெரிகிறது, தன் முகம் மட்டும் தெரியவில்லை, எவ்வளவு தோண்டினாலும் தெரியவில்லை... சிரித்திருக்கவே மாட்டேன் என்று அடித்துச் சொல்ல வாயெடுத்தாள், சொல்ல முடியவில்லை. பஸ் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், யாரோ மாம்பழக் கூடையை இடித்துக்கொண்டு போனார்கள். நாளைக்குக் காலையில் கலக்காத கிரீமைப் பூசிக்கொண்டு, வெள்ளையாக, அதே கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கப்போகிறாள், சரியா இருக்காம்மா என்று கேட்டாலும் கேட்பாள், கேட்காமல் சும்மா பார்த்தாலும் பார்ப்பாள், அப்போது தன் முகத்தை என்ன செய்வது என்று ஜுசேலியாவுக்குத் தெரியவில்லை.