ஏழைக் கூட்டியவன்

1

இந்தக் கதை பிறந்தது நான் போட்ட ஒரு தப்புக் கணக்கில். அதனால் ஒரு மகன் தன் அப்பாவின் அடக்கத்தைத் தவறவிட்டான். ஏதென்ஸுக்குப் பக்கத்து ஊரான கொரோப்பியில் முப்பத்தொரு வருடம் புவியியல் வாத்தியாராக இருந்தவன் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் இன்னும் அசிங்கம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மெல்போர்னுக்கும் ஏதென்ஸுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய பதினைந்தாயிரம் கிலோமீட்டர். ஆனால் ஒரு தாயின் இதயத்துக்கும்..."

அடித்துவிட்டேன். தூரம் மட்டும் சரி. (உலக உருண்டைமேல் தையல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தது. எனக்கு அளக்க வரும். கழிக்கத்தான் வரவில்லை.)

நடந்தது இதுதான். எதிர்வீட்டு அர்கிரிஸ் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் இறந்தார். எங்கள் ஊரில் மறுநாளே அடக்கம். மகன் ஸ்த்ராத்திஸ் மெல்போர்னிலிருந்து போனில் கத்தினான்: "இங்க இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு ஏறுறேன். நடுவுல மாறுறதோட சேர்த்து இருபத்திரண்டு மணி நேரம்!"

லைன் அறுந்தது. அவன் அம்மா எவாந்தியா என்னைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, நம்ம நேரத்துக்கு எப்ப எறங்குவான்?"

மெல்போர்ன் எங்களைவிட ஏழு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவன் இறங்கும்போது அவர்கள் கடிகாரத்தில் செவ்வாய் இரவு எட்டு. ஏழைக் கழித்தால் இங்கே பகல் ஒன்று. நான் கூட்டினேன். "புதன் விடியக்காலம் மூணு," என்றேன், கம்பீரமாக.

புதன்வரை வைக்க முடியாது என்றார் பாதிரியார். செவ்வாய் பதினொரு மணிக்கே மண் போட்டுவிட்டோம்.

3

ஸ்த்ராத்திஸ் ஒரு பாத்திரமாக எனக்கு அடங்கவில்லை. மூன்று வரைவுகளில் அவனை என் சட்டையைப் பிடிக்க வைத்தேன்; நம்பும்படி இல்லை. உண்மையில், கல்லறைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் நாங்கள் அடக்கத்துக்குப் பிந்திய மீன் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது பெட்டியோடு வந்து நின்றான். மணி இரண்டரை. எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கெழக்கேயிருந்து மேற்க வந்தா கழிக்கணும்னு என் காதைத் திருகிச் சொன்னது நீங்கதானே சார்?"

"நான்தான்டா."

"எந்தக் காதுன்னு ஞாபகம் இருக்கா?"

சிரித்தான். அப்புறம் அவன் தோள்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

4

கைவசம் உள்ள முடிவுகள்:

அ. ஜூன் வெயில், எப்படியும் மாலைவரை வைத்திருக்க முடியாது, என் கணக்கால் எதுவும் மாறவில்லை.

ஆ. அர்கிரிஸ் கனவில் வந்து மன்னிக்கிறார். (உயிரோடிருந்தபோது ஏணியைக் கடன் கேட்டாலே முறைத்தவர்.)

இ. வாசகரே, நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்கள்.

எனக்குப் பிடித்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிரியாரைக் கேட்டேன்: "எல்லாம் ஆண்டவன் சித்தம்." ஸ்த்ராத்திஸைக் கேட்டேன்: "விடுங்க சார்." நேற்று, இதுவரை எழுதியதை எவாந்தியாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கதையிலயும் என் வீட்டுக்காரரை அவசரமாத்தான் பொதைக்கிறீங்க," என்றாள்.

"மழுப்பாம சொல்லும்மா. பகல் ஒரு மணின்னு நான் அன்னிக்குச் சரியா சொல்லியிருந்தா?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"காத்திருந்திருப்பேன் வாத்தியாரே. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரையும் பெட்டியை மூட விட்டிருக்க மாட்டேன்."