மே மாதத்துப் பாலைவனம், தள்ளுபடி விலையில்

பாலைவனத்தில் ஒரு சூரியோதயத்தின் விலை பதினான்காயிரம் ரூபாய். அதே சூரியன் அதே மணல்மேட்டில் டிசம்பரில் உதித்தால் நாற்பத்திரண்டாயிரம். இந்தத் தள்ளுபடி மே மாதத்துக்கு மட்டும் என்று அசோக் நகர் டிராவல்ஸ்காரர் சிதம்பரநாதன் சொன்னதும், கருணாகரன் அங்கேயே இரண்டாயிரம் முன்பணம் கட்டிவிட்டார். ராஜஸ்தான் மணலில் மூன்று நாள் நடை, கூடாரத்தில் தூக்கம், காலையில் சூரியன்.

ரங்கநாதன் தெருவில் பெட்ஷீட் கடை வைத்திருப்பவர் அவர். ஆடித் தள்ளுபடியில் எந்தச் சரக்கைத் தள்ளிவிடுகிறோம் என்பது தெரியாதவரல்ல: வெயிலில் வெளுத்தது, ஓரம் பிரிந்தது, எலி ருசி பார்த்தது. ஆனால் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டால் அவரும் வாடிக்கையாளர்தானே.

"நாப்பத்தேழு டிகிரியாம்ப்பா. சின்னப் பசங்களே சுருண்டு விழறாங்க," என்றாள் மகள் சிந்து.

"மூணுல ஒரு பங்கு வெலைடீ," என்றார் அப்பா. வெயிலுக்கு அவரிடம் இருந்தது அந்த ஒரே பதில்தான்.

மனைவி தங்கபுஷ்பம் குறுக்கே வந்தாள். "மொதல்ல இங்கன ஒருநாள் உச்சி வெயில்ல மணல்ல நடந்து காட்டுங்க. முடிஞ்சா போயிட்டு வாங்க." அந்த வீட்டில் அவள் சொல்வதுதான் கடைசி விலை.

ஆகவே கத்திரி தொடங்கிய ஆறாம் நாள், பகல் பன்னிரண்டுக்குப் பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் ஒத்திகை ஆரம்பித்தது. உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்ப வேண்டும். முதுகுப் பையில் எடைக்காக விற்காத டபுள் பெட்ஷீட் எட்டு. கையில் ஒரு லிட்டர் தண்ணீர்.

அந்தத் தண்ணீரை அவர் கைமுதலாகப் பாவித்தார். கைமுதலைக் கரைத்துவிட்டுக் கடையைப் பூட்டிய நாலு பேரை அவருக்கு நேரிலேயே தெரியும். தொண்டை கேட்டபோதெல்லாம் ஒரு மூடி அளவு வாயை நனைத்துவிட்டு, மூடியை இறுகத் திருகினார். சிலையைத் தொட்டுத் திரும்பும்போது வியர்வை நின்றிருந்தது. உடம்பு பழகிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். வரவு இல்லாவிட்டாலும் செலவு நின்றதே. கொஞ்ச தூரத்தில் கலங்கரை விளக்கம் இரண்டாகத் தெரிந்தது. நொச்சிக்குப்பம் அருகே, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பக்கத்தில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரிதான் முதலில் பார்த்தாள். புருஷன் தங்கவேலுவைக் கூப்பிட்டு, இருவருமாக அவரைத் தார்ப்பாய் நிழலுக்கு இழுத்துப் போட்டார்கள்.

"முக்கா பாட்டில் தண்ணி கீது. குடிக்காம இன்னாத்துக்கு தூக்கினு வந்தே, நைனா?" என்றாள் ஆரோக்கியமேரி.

"கைமுதல்," என்றார் கருணாகரன், நாக்குக் குழற.

அவள் பையைத் திறந்தாள். புதுப் பெட்ஷீட்களில் மூன்றைப் பிரித்து, டிரம் தண்ணீரில் முக்கி, கழுத்திலும் அக்குளிலும் நெஞ்சிலும் சுற்றினாள். நினைவு தப்பாமலிருக்கப் பேச்சுக் கொடுத்தாள். "இது இன்னா வெலை?"

"சும்மா எடுத்துக்கோம்மா."

தங்கவேலு விலைச் சீட்டைப் பார்த்தான். "அறுநூத்தம்பது ரூவா ஷீட்ட சும்மா குடுக்கறாரு. மூள கொழம்பிப் போச்சு மேரி. நான் ஆட்டோ இட்டாரேன்," என்று ஓடினான்.

ஆரோக்கியமேரி அட்டையால் விசிறினாள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை வாய் வாயாகப் புகட்டினாள். ஆட்டோ வந்து நின்றபோது கருணாகரனின் கண் தெளிந்திருந்தது. மார்பிலிருந்த துணியைத் தடவிப் பார்த்தார்.

"மூணு ஷீட்டை நனைச்சுப்புட்டியேம்மா. உப்புத்தண்ணியா? கலர் போயிருமே."

"ஒண்ணு நூறு ரூவான்னு குடு, நானே எடுத்துக்கறேன்."

"நூறா? அடக்க வெலையே நானூறும்மா."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆட்டோவ அனுப்பிடு. புத்தி வந்துருச்சு."

அப்போது செல்போன் அடித்தது. சிதம்பரநாதன். "அண்ணாச்சி, மீதிப் பணம் இன்னைக்குக் கட்டிடணும்."

"நான் வரல."

"உங்களுக்காக இன்னும் மூவாயிரம் கொறைச்சுக்கறேன். பதினோராயிரம். வெளிய சொல்லாதீங்க."

அவிந்துகொண்டிருந்த ஆசை மறுபடி தலை தூக்கியது. கருணாகரன் எச்சிலை விழுங்கப் பார்த்தார். விழுங்க எச்சில் இல்லை. "சும்மா கூட்டிட்டுப் போனாலும் மே மாசம் வேண்டாம்," என்றார்.

"முன்பணம் திரும்பாது, அண்ணாச்சி."

"வச்சுக்கோங்க."

விலை குறைத்த ஒருவரை வேண்டாமென்று அனுப்பியது ஐம்பத்து நான்கு வயதில் இதுவே முதல் தடவை. நஷ்டம் இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கடல்காற்று ஏறத் தொடங்கியது. நனைந்த பெட்ஷீட்கள் கருவாட்டுக்குப் பக்கத்தில் காய்ந்தன; இனி அவை ஆடிச் சரக்குதான்.

அவர் எழுந்தார். ஆரோக்கியமேரி விடவில்லை.

"குந்து. ஒண்ணுக்கு வராம ஒன்ன அனுப்ப மாட்டேன். கடலுக்குப் போய் வெயில்ல வாடி வர்றவங்களுக்கும் இங்க அதான் சட்டம். அது வந்தாதான் குடிச்ச தண்ணி ஒடம்புல சேந்துச்சுன்னு அர்த்தம்."

குந்தினார். கஞ்சித் தண்ணீரையும் குடித்தார், கைமுதலையும் குடித்தார். மூன்றரை மணிக்குப் படகின் மறைவுக்குப் போய்விட்டு, பரீட்சை தேறியவர் முகத்தோடு திரும்பி வந்தார்.

"வந்துச்சா?" என்று குப்பத்துக்கே கேட்கக் கேட்டாள்.

"வந்துச்சு." கருணாகரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலை மடக்கினார். "உள்ள போனது கஞ்சித்தண்ணி ஏழு டம்ளர், பச்சத்தண்ணி மூணு டம்ளர், ஆக பத்து. வெளிய போனது ஒரு டம்ளர் இருக்கும். கையிருப்பு ஒம்பது டம்ளர்."