மறக்க வேண்டிய ஐந்து சொற்கள்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு மருத்துவருக்கு எழுத வேண்டிய ஒரு பக்கக் கடிதம். நாளை வியாழன் காலை, நண்பனின் மனைவி மார்சி அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பதினொரு தொடக்கங்கள் எழுதிப் பதினொன்றையும் கசக்கிப் போட்டுவிட்டேன். அவற்றில் மூன்று:

“மதிப்புக்குரிய மருத்துவருக்கு, லோர்ன் புரோக்கோபிக்கைப் பதினாறு வருடமாக அறிவேன். அவன் எப்போதும் கொஞ்சம் மறதிக்கார—” (பொய்.)

“சஸ்கச்சுவான் கோதுமை வயல்களுக்கு நடுவே, உறைந்த குளமொன்றில் சிறுவன் லோர்ன்—” (ஐயோ. ஐஸ் ஹொக்கிக்காரன் என்றாலே இப்படித்தான் தொடங்குகிறார்கள். அவன் பல் வைத்தியரின் மகன். குளத்துப் பக்கம் போக அவன் அம்மா விட்டதே இல்லை.)

“குற்றம் என்னுடைய—” (இதற்குப் பிறகு கை ஓடவில்லை.)

2

நான் இந்த ஊர் அணியின் சாமான்களுக்குப் பொறுப்பாளன். ஸ்கேட் அலகுகளுக்குச் சாணை பிடிப்பேன், நாறும் கையுறைகளைக் காயவைப்பேன். பெயர் கனகரத்தினம். ஹொக்கிக்காரர்கள் யார் பெயரையும் முழுசாக விடமாட்டார்கள், நறுக்கி வால் ஒட்டுவார்கள். நான் ரட்னி. லோர்ன், புரோக்கி.

அவன் தடுப்பாட்டக்காரன். வயது முப்பத்தேழு. சிறு லீக்கில் எழுநூறு ஆட்டங்கள், பெரிய லீக்கில் ஆறே ஆறு. [அந்த ஆறையும் விரிவாக எழுத நினைத்தேன். எழுத ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பெஞ்சில் இருந்தான்.]

போன மாதம் ஒருவன் தோளால் இடித்ததில் லோர்னின் தலை பலகைச் சுவரில் மோதியது. தானாகவே எழுந்தான். வழுக்கிக்கொண்டு போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

3

இங்கே நான் கதையை நிறுத்தி ஒரு பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலிப்பாக இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆட்டக்காரர்கள் கணினி முன் உட்கார வேண்டும். பன்னிரண்டு சொற்களைக் காட்டி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். மதிப்பெண் கோப்புக்குப் போகும். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரீட்சை. குறைந்தால் ஆட முடியாது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் செப்டம்பரில் வேண்டுமென்றே கோட்டை விடுவார்கள். மக்கு என்று முதலிலேயே பதிந்துவிட்டால், அதன் பிறகு எந்த அடியும் கோப்பில் தெரியாது.

லோர்னுக்கு அது தெரியாது. முதல் வருடம் பன்னிரண்டும் சரியாகச் சொன்னான். நவம்பரில் அடிபட்டது. ஏழுதான் வந்தது. மூன்று வாரம் வெளியே. அந்த மூன்று வாரத்துக்குள் பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்தது, இவன் இடத்தில் இன்னொருவன் போனான். அடுத்த செப்டம்பரில் நான்தான் இவனைச் சாணை அறைக்குள் இழுத்தேன்.

“டேய் புரோக்கி, இந்த முறை அஞ்சு சொல்லை மறந்துபோடு.”

“எந்த அஞ்சு?”

“எந்த அஞ்செண்டா என்ன, விசரா! கடைசி அஞ்சு.”

“அம்மா அறிஞ்சா கொல்லுவா.”

“அம்மாவோ வந்து விளையாடப்போறா?”

பதினைந்து செப்டம்பர்கள். ஏழுக்கு மேல் அவன் எடுத்ததே இல்லை. முதல் வருடக் கோப்பு, அணி கைமாறியபோது தொலைந்துபோனது. (கதைக்கு வசதியாக நானே தொலைத்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். நானும் இந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன். ஆனால் அப்படித்தான் நடந்தது.)

4

போன மாதப் பரீட்சையில் ஏழு. கோப்பிலும் ஏழு. மாற்றமில்லை.

ஆனால் லோர்ன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: “இந்த முறை நான் ஒண்டையும் மறக்கப் பாக்கேல்லை, ரட்னி. ஏழுதான் வந்தது.”

மருத்துவர் புதியவர். ஏதோ உறுத்தியிருக்கிறது. இவன் முன்பு எப்படி இருந்தான் என்று, ஆரம்பம் முதல் தெரிந்த ஒருவர் எழுதித் தரட்டும் என்று லோர்னின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மார்சி பூட்ஸில் பனியோடு என் அறைக்கு வந்தாள்.

“உண்மையைச் சொல்லு ரட்னி. இவர் முந்தியும் இப்பிடியே?”

“எல்லாரும் கொஞ்சம் மறதிதானே, மார்சி.”

“நான் எல்லாரையும் கேக்கேல்லை. கடை வாசல்ல கார் ஓடிக்கொண்டு நிக்குது, ஆள் நடந்து வீட்டை வாறார். வெளியிலை மைனஸ் முப்பது!”

நான் கையுறைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுதித் தருகிறேன் என்றேன். அவள் போன பிறகும் எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் லோர்ன் வந்தான். “நான் எப்பவும் மறதிக்காரன் எண்டு எழுதிப்போடு மச்சான். மேலை, பெரிய லீக்கிலை, ரெண்டு தடுப்பாட்டக்காரருக்குக் காயம். சனிக்கிழமை நல்லா விளையாடினா என்னைக் கூப்பிடுவாங்கள். ஏழாவது ஆட்டம்! இந்த ஒரு வருசம்தான், பிறகு நானே விடுறன்.”

“போன வருசமும் இதைத்தானே சொன்னனீ?”

“அப்பிடியோ? பாத்தியே, நான் மறதிக்காரன்தான்!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். [இந்தச் சிரிப்பைக் கதையிலிருந்து எடுத்துவிடு என்று மனம் சொல்கிறது. எடுக்கமாட்டேன்.]

5

முடிவுகள்:

அ. உண்மையை எழுதுகிறேன். லோர்ன் இனி ஆடமாட்டான். என்னோடு பேசவும் மாட்டான். ஆனால் ஒரு நாள் தன் மகளின் கல்யாணத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

ஆ. பொய் எழுதுகிறேன். ஏழாவது ஆட்டம் கிடைக்கிறது. யாரும் அவனை இடிக்கவில்லை. (ஐஸ் ஹொக்கியில்! எனக்கே சிரிப்பு வருகிறது.)

இ. பொய் எழுதுகிறேன். ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தில் ஒருவ—

இந்த இடத்தில் கதவு திறந்தது. லோர்ன் ஸ்கேட்டுகளை மேசையில் வைத்தான்.

“சாணை பிடி ரட்னி. வழமையானதுதான்.”

ஸ்கேட் அலகின் அடியில் ஒரு பள்ளம் உண்டு. அதன் வளைவுக்கு அங்குலக் கணக்கில் ஓர் அளவு உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும். எந்த ஆட்டக்காரனைக் கேட்டாலும், தன் பிறந்த தேதியைப் போல உடனே சொல்வான். நான் வேண்டுமென்றே கேட்டேன்.

“வழமையானது எண்டா எவ்வளவு?”

சிரித்தான். இயந்திரத்தைப் பார்த்தான். பிறகு தன் ஸ்கேட்டுகளைப் பார்த்தான்.

“பதினாறு வருசமா நீதானே பிடிக்கிறாய். உனக்குத் தெரியும்தானே?”

“நீ சொல்லு.”

பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“எனக்குச் சொல்லித் தாடா. நாளைக்கு டொக்டர் கேட்டாலும் கேப்பார்.”

“அரை அங்குலம்,” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான்.

6

உண்மை முழுவதையும் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? தமிழில். இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் எனக்கு எவ்வளவு தைரியம்! மார்சிக்கான தாள் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர். ஒருவனுக்கு மறந்துகொண்டு வருகிறது. ஒருவனுக்கு வாய் திறக்க வரவில்லை. மிச்சம் நீங்கள்தான். மார்சி காலை ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பிவிடுவாள்.