ஸ்லாவ்கா வாசிக்கக் கூடாத பக்கம்

1

கோர்னா ஸ்லிவாவுக்கு நான் மருமகனாக வந்து இருபது வருடம் ஆகிறது. ஊர் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மற்ற பக்கங்களைப் பல்கேரிய மொழியில் எழுதிவிட்டேன். இதை ஒருத்தி மட்டும் வாசித்துவிடக் கூடாது. அதனால் தமிழில்.

2

‘போர் முடிந்தபின் ஊரின் குறுக்கே முள்கம்பி—’

வேண்டாம், பாடப்புத்தகம் போலிருக்கிறது.

ஒரு விடியலில், பிளம் பூ உதிர்ந்த புல்லின் மேல் முள்கம்பி ஓடியிருந்தது. என் மாமியார் ஸ்லாவ்காவும் அவள் அம்மாவும் இந்தப் பக்கம், பல்கேரியாவில். கட்டிக்கொடுத்த அக்கா ரூமெனா அந்தப் பக்கம், யுகோஸ்லாவியாவில். கம்பியைத் தாண்டிப் பேசினால் சிறை.

மூன்றாம் வசந்தத்தில் அம்மா படுத்துவிட்டாள். ஸ்லாவ்கா மாட்டை ஓட்டிக்கொண்டு கம்பியோரம் போனாள். அந்தப் பக்கம் ரூமெனா பீன்ஸ் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

“ஏ மாடே, அம்மா மூணு நாளா ஒரு வாய் சாப்பிடல. அக்கா எங்க, அக்கா எங்கன்னே கேக்கறாங்க. காதுல விழுதா?”

ரூமெனா தன் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: “விழுது, விழுது. கத்தாத.”

காவலுக்கு நின்ற விதான் திரும்பினான். “மாட்டுக்கிட்ட இவ்வளவு பேச்சா?”

“இதுதாங்க குறுக்க பேசாம கேக்குது.”

(இந்த விதானை என்னால் நம்ப முடியவில்லை. எல்லையில் இப்படிக் கேட்டும் கேளாதவனாக ஒருத்தன் நிற்பானா? ஆனால் ஆள் உண்மை. பிறகு இந்த ஊரிலேயே பெண் எடுத்தார். இப்போது என் எதிர்வீட்டில் தக்காளி வளர்க்கிறார்.)

3

மறுநாள் காலை மூடுபனி. கம்பியே தெரியவில்லை, மாட்டின் மணி மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

“மாடே, இன்னிக்கே வந்துடு” என்றாள் ஸ்லாவ்கா, அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி.

விதான் பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். “அரை மணி நேரம் என் கால்விரலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். யார் போனா, யார் வந்தான்னு என்னைக் கேக்காதீங்க” என்கிறார் இன்றும்.

ஸ்லாவ்கா ஊற்றிலிருந்து தண்ணீரோடு திரும்பியபோது அம்மாவின் முகம் தெளிந்திருந்தது.

“ரூமெனா வந்தாடி. கையெல்லாம் ஈரம். இப்பதான் போனா.”

மதியம் அம்மா போய்விட்டாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்லாவ்கா அறுபது வருடம் ஓட்டியிருக்கிறாள்.

4

கம்பி போய் வெகுநாளாகிறது. போன மாதம் ரூமெனாவைப் பார்க்கப் போனேன். காபி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நான் போகல தம்பி. கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கால் வரல. ஸ்லாவ்கா சந்தோஷமா அதச் சொல்றப்பெல்லாம் தலையாட்டிட்டேன். நீங்களும் ஆட்டிடுங்க.”

[இந்த இடத்தில் நான் அழுதேனென்று எழுதி, அடித்துவிட்டேன்.]

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பல்கேரியப் பிரதி ‘அன்று பனிக்குள் ரூமெனா’ என்பதோடு நிற்கிறது. நேற்று ஸ்லாவ்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா வந்தத எழுதிட்டீங்களா, மாப்ள?”

“எழுதிக்கிட்டேதான் இருக்கேன்.”

வினைச்சொல் ஒன்றுதான் பாக்கி. நான் இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள், அன்று பனிக்குள் ரூமெனா