கரண்டிச் சிப்பாய் ஏறாத கப்பல்

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் சமைத்தவர் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. தாமதமாகத்தான் போவது என்று தீர்மானித்த அன்றைக்கும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். பழக்க தோஷம். துறைமுகப் பயணிகள் கூடத்துக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த பணிவிடுப்புப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது இந்தப் பையில் இருக்கும்வரை அண்ணன் கப்பல் ஏற முடியாது.

அண்ணன் அவருக்கு வைத்த பெயர் ‘கரண்டிச் சிப்பாய்’. நாலு பேர் கூடிவிட்டால் போதும், “எங்க வீட்லயும் ஒருத்தன் பட்டாளத்துல இருக்கான். எதிரி வந்தா கரண்டியாலயே ஒரு போடு போடுவான்” என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். அதையெல்லாம் தம்பி ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாமல் கிடந்தது வேறு.

அம்மா செத்தபோது அவர் ஐந்து மணி நேர ரயில் தூரத்தில்தான் இருந்தார். முகாமில் போன் இருந்தது, எண் அண்ணனிடம் இருந்தது. மறுநாள் தன் கடைக்குச் சரக்கு லாரி வருகிறதென்று அன்று சாயங்காலத்துக்குள் இறுதிச் சடங்கு எல்லாவற்றையும் முடித்துவிட்டார் அந்தப் புண்ணியவான். “போன் மேல போன் அடிச்சேன். அவனுக்கு லீவு கிடைக்கலையாம்” என்று ஊரெல்லாம் சொன்னார். தம்பிக்கு விஷயம் தெரிந்தது பதினோராம் நாள், ‘கருமாதிக்காவது வாங்க’ என்று அண்ணி போட்ட கடிதத்தில். முகாம் வாசலில் இருந்த காவல் அறைக்கு ஓடிப்போய் அழைப்புப் பதிவேட்டைப் புரட்டினார். வீட்டிலிருந்து ஒரு அழைப்புகூட வந்திருக்கவில்லை. பெற்றவள் முகத்தைப் பார்க்க வராத பிள்ளை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அவர் காதுபடப் பேசுகிறார்கள். அவர் வாய் திறந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட அண்ணன் மூன்று மாதத்துக்கு முன் ஒரு விளம்பரத்தாளோடு வந்தார். உல்லாசக் கப்பலில் ஏழு நாள். முன்னாள் படைவீரர் ஒருவர் கூட வந்தால் அந்த அறையில் தங்கும் எல்லோருக்கும் பாதிக் கட்டணம். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “நாட்டுக்காக உழைச்சவன்டா நீ!” என்று தோளில் கை போட்டார். நேற்றுவரை வெங்காயம் உரித்தவன், சலுகை என்றதும் நாட்டுக்கு உழைத்தவனாகிவிட்டான்.

பதிவு தம்பி பெயரில் நடந்தது. வீரர் நேரில் வந்து அசல் புத்தகத்தைக் காட்டினால்தான் மற்றவர்களையும் ஏற்றுவார்கள். வாசல் நாலு மணிக்கு மூடப்படும். “அவனைக் கூட்டிக்கிட்டு வர வேண்டாம். பட்டாளத்தான், டாண்ணு வந்து நிப்பான்” என்று அண்ணன் தெம்பாக இருந்தார். அவர் கணக்குத் தப்பியது அந்த இடத்தில்தான்.

மூன்று மணிக்கு டாக்சி வந்து நின்றது. புதுத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அண்ணன் இறங்கினார். பின்னால் பெட்டிகளோடு அண்ணி. மூன்றேகாலுக்கு முதல் அழைப்பு வந்தது. ஒலியை நிறுத்தி மேசையில் வைத்திருந்த போன் காப்பிக் கோப்பையை உரசி நடுங்கியது. ஒன்று என்று எண்ணிக்கொண்டார். மூன்றரைக்குள் பதினாலு ஆகிவிட்டது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணன் குட்டி போட்ட பூனையாய்ச் சுற்றிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க இவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

மூன்றே முக்காலுக்கு அண்ணி புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். வாழ்நாளில் கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவள். இவர் எழுந்துவிட்டார். கடை வாசல்வரை நடந்தும்விட்டார். கையிலிருந்த போன் மறுபடி நடுங்கியது. திரையில் ‘அண்ணன்’. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நாலு மணிக்குக் கப்பலுக்குப் போகும் வழியின் இரும்புக் கதவு இறங்கியது. ஆறிப்போன காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சாலையைக் கடந்து கூடத்துக்குள் நுழைந்தார்.

“எங்கடா போய்த் தொலைஞ்ச?” அண்ணன் கத்திய கத்தலில் பெட்டி தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஒத்தக் காசு திரும்பி வராதாம்டா! முப்பது தடவ அடிச்சேன்டா உனக்கு!”

“முப்பத்தொண்ணு. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.”

“எண்ணுனியா? எடுக்கறதுக்கு என்னடா கேடு?”

“லீவு கிடைக்கலண்ணே.”

அண்ணன் போனைச் சட்டைப் பையில் திணித்தார்.

“அம்மா கிடந்த அன்னைக்கு இதுல ஒண்ணே ஒண்ணு அடிச்சிருந்தா போதும், வந்திருப்பேன்” என்றார் தம்பி. குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டார்.

அண்ணி மெல்ல எழுந்தாள். “அன்னைக்கு அடிச்சேன்னீங்களே? என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே?” என்று புருஷனைக் கேட்டாள். அண்ணன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கூடத்துக்குள் வெயிலே இல்லை.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தன் பெட்டியை மட்டும் எடுத்தாள். “உங்களையும்தான் இத்தனை வருஷமா தப்பா நெனச்சேன், தம்பி. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

வெளியே கப்பல் ஊதியது. அவளுடைய கடலை நினைத்து அவருக்கு ஒரு கணம் வலித்தது. ஆனால் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால், மூன்று பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அண்ணன் அண்ணிக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை.