தஸ்மியா சேர்த்த விகுதி

தொண்ணூற்று நான்காம் வருஷம் மேலப்பாளையத்துத் தறிக்காரன் அசன் மைதீனின் சைக்கிள், யாரும் ஓட்டாமலே அவன் பின்னால் பள்ளிவாசல் வரை போய் வந்தது. துருக்கியில் கம்பள ஆலை வேலைக்குப் போவதற்காக அவன் கேசட் போட்டு அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தான். அங்கே 'என்னுடைய' என்று முன்னால் சொல்ல வேண்டியதில்லை. பொருளின் வாலில் 'இம்' ஒட்டினால் போதும். சைக்கிளுக்கு அவர்கள் பிசிக்லெத் என்பார்கள். மைதீன் 'பிசிக்லெதிம்' என்றான், அது அவனை விட்டுப் பிரிய மறுத்துவிட்டது. வீட்டுக்கு 'எவ்'. 'எவிம்' என்றதும் வீடு தெருப்பக்கம் ஒரு சாண் நகர்ந்து அடுப்பிலிருந்த மீன் ஆணம் கொட்டிப்போயிற்று. அஸ்திவாரம் பிடித்துக்கொண்டதால் அதோடு நின்றது.

"ஏளா தஸ்மியா, ஒம் மாப்ள சைக்கிள் எங்க கதவ முட்டுதுளா" என்று பக்கத்து வீட்டு ஜனாபா சத்தம் போட்டாள். பீடி சுற்றியபடியே எல்லாப் பாடத்தையும் காதில் வாங்கிய அவன் பொண்டாட்டி தஸ்மியாவுக்கு அதெல்லாம் பழகிவிட்டது. 'எவ்தென்', அதாவது 'வீட்டிலிருந்து' என்ற பாடந்தான் அவளுக்குப் பழகவில்லை. அதைப் படித்த நாளிலிருந்து அவன் செருப்பை எப்படித் திருப்பி வைத்தாலும் விடியும்போது தெருவைப் பார்த்தே கிடந்தது. அவள் வாப்பாவும் இப்படித்தான் ஜித்தாவுக்குப் போனார். கொஞ்ச நாள் ஆள் மூலம் அத்தர் வந்தது. பிறகு தகவலே இல்லை.

"என்னையும் ஒருதரம் அப்படிச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"விசா எனக்கு மட்டுந்தான் புள்ள. சொன்னா நீயும் பின்னாலயே வந்துருவ. ஏர்போட்ல நான் என்ன செய்ய?"

மெட்ராஸ் பஸ் உறுமியபோது சைக்கிளைத் தூணோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஜன்னலோரம் மைதீன். தஸ்மியா ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அந்த ஊரில் எந்தப் பொண்டாட்டியும் புருஷன் பேரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில்கூட அவளுக்காக ஜனாபாதான் சொல்வாள். பஸ் நகர்ந்தது. பயத்தில் வெட்கம் பறந்தது.

"அசன் மைதீனிம்!" என்று கத்தினாள்.

"அல்லாவே, மாப்ள பேரச் சொல்லிட்டாளே!" என்று ஜனாபா வாயைப் பொத்தினாள். ஊரும் அதைத்தான் பேசியது. பஸ் படி வழியே மைதீன் வழுக்கி இறங்கி அவள் பின்னால் வந்து நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் அவனுக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாவிட்டாலும் பீடிக் கடைக்கு அவள் நடந்தால் பின்னால் அவன், அவன் பின்னால் சைக்கிள். ஒட்டிய விகுதியை எடுக்கும் பாடம் இரண்டாவது கேசட்டில் இருக்கிறதாம். திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் கிடைக்கிறதாம். அவனால் தனியாகப் போக முடியாது. தஸ்மியாவுக்கோ ஜங்ஷன் பக்கம் ஒரு சோலியும் இல்லை.