பெரியவருக்கு மட்டும் போட்ட ஊசி

அண்ணனும் தம்பியும் ஒரே கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்த்தார்கள், ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே வாரத்தில் நிமோனியாவில் படுத்தார்கள். முதலில் வந்தது சாதாரண சளிக்காய்ச்சல்தான். அது இருவர் நெஞ்சையும் பலவீனமாக்கிவிட்டுப் போக, பின்னாலேயே கிருமி புகுந்துகொண்டது.

அண்ணனைப் பெரியவர், அவர் மனைவியைப் பெரியவள் என்றும், தம்பியைச் சின்னவர், அவர் மனைவியைச் சின்னவள் என்றும் வீட்டில் சொல்வார்கள். சின்னவளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காற்று வரும் மாடி அறை பெரியவளுக்கு. குளியலறைச் சுவரிலிருந்து ஈரம் ஊறும் கீழ் அறை இவளுக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் நலம் விசாரிப்பது அவளைத்தான். ஆஸ்பத்திரியிலும் அந்த வரிசை மாறவில்லை.

பெரியவருக்கு மூச்சு மோசமாகத் திணறியதால் ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். கிருமிக்கான மருந்தோடு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேறினார். எழுந்து உட்கார்ந்து, முகம் மழிக்க ஆள் கேட்டார். சின்னவரோ சாதாரண வார்டில் காய்ச்சல் விடாமல் கிடந்தார். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விலாவில் குழாய் செருகி அதை வடித்துக்கொண்டிருந்தார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் பெரியவள் போனில் பேசுவாள். "எங்க வீட்டுக்காரருக்கு அந்த ஊசி நல்லா கேட்டுடுச்சு" என்று எல்லோரிடமும் அதே பாட்டு. பிறகு சின்னவளின் தோளைத் தட்டி, "கவலைப்படாதே, ஒவ்வொருத்தர் உடம்புவாகு ஒவ்வொரு மாதிரி" என்பாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். சின்னவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் நேராக டாக்டரம்மாவிடம் போனாள். "அண்ணனுக்குப் போட்ட ஊசிய தம்பிக்கு ஏன் போடல?"

"அவருக்கு உடம்பு, கிருமியோட சண்டை போடறேன்னு சொந்த நுரையீரலையே அடிச்சு நொறுக்கிட்டிருந்தது. அந்த ஆவேசத்த அடக்கத்தான் ஊசி. உங்க வீட்டுக்காரருக்குச் சீழ் கட்டியிருக்கு. அங்க உடம்பு சண்டை போட்டே ஆகணும். இப்ப அடக்கினா கிருமிக்குக் கொண்டாட்டமாயிடும்."

புத்திக்குப் புரிந்தது. மனசு கேட்கவில்லை. உடம்பு சண்டை போடுவதில்கூட அவருக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?

சின்னவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. முதுகுவலிக்காகப் பெரியவர் மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கிவந்தார். வயிறு பிசைந்தது, சில நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. மனைவி கத்துவாள் என்று பயந்து பட்டறையில் தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தார். தம்பி தன் மனைவியிடம் சொன்னார், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. பெரியவளின் புருஷனைப் பற்றிப் பெரியவளுக்கே தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் சின்னவளுக்கு ஒரு தனி ருசி. மிட்டாயைக் கன்னத்தில் அடக்குவதுபோல அதை அடக்கி வைத்திருந்தாள்.

ஸ்டீராய்டு வயிற்றுப் புண்ணுக்கு ஆகாது என்று பக்கத்துக் கட்டில்காரரின் மகள் பேச்சுவாக்கில் சொன்னபோது, சின்னவளுக்குப் பொறி தட்டியது. அந்த ஊசியை நிறுத்தட்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரி கிடக்கட்டும். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

டாக்டரம்மாவைத் தாழ்வாரத்தில் மறித்துச் சொன்னாள். அவர் முகம் மாறியது. "அவர் மனைவி வயித்துல ஒண்ணும் இல்லைன்னாங்களே."

"அவங்களுக்குத் தெரியாது" என்றாள் சின்னவள். சொல்லும்போது நாக்கு இனித்தது.

உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு காலையில் இருந்ததைவிட நன்றாகக் குறைந்திருந்தது. உள்ளே எங்கோ கசிகிறது என்று பெரியவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரங்கள் தன்னைத் தாண்டி உருண்டபோது சின்னவள் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துப்போயிருந்த அந்த முகத்தை அவள் வேண்டிக்கொள்ளவில்லை.

வாய்வழியாக வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்த்ததில் புண்ணிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அங்கேயே கிளிப் போட்டு அடைத்தார்கள். நுரையீரல் தேறிவிட்டதால் ஸ்டீராய்டையும் நிறுத்தினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "இவங்க சொன்னதால தப்பிச்சார்" என்று எல்லோர் முன்னாலும் சின்னவளைக் காட்டினார்.

உறவுக்காரர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவள் மட்டும் அருகில் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கேட்டாள்: "உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கொழுந்தன் சொன்னார்."

"அவருக்கு?"

"உங்க வீட்டுக்காரரேதான் சொல்லியிருக்கார்."

"எனக்கு மட்டும் சொல்லல" என்றாள் பெரியவள். அவள் கண்ணில் இருந்ததைச் சின்னவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அத்தனை வருஷமாகத் தன் கண்ணில் இருந்தது அது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

சின்னவருக்குக் குழாயை எடுத்த பிறகு, அவள் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஊசியை நிறுத்தத்தான் போய்ச் சொன்னேன், காப்பாற்றுவதற்கு அல்ல என்றாள். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் பிழைச்சது போதும். ஆனா நான் வாங்கின சத்தியம் என்னாச்சு? இனிமே உன்கிட்ட எதையும் சொல்லப்போறதில்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது, இல்லை என்று. பட்டறையைப் பற்றிக் கேட்டால் "ம்" என்பார், வலிக்கிறதா என்றால் "இல்ல" என்பார்.

மாடியில் கதையே வேறு. பெரியவள் புருஷனைக் குடைந்து குடைந்து கேட்டாள்; அவரும் வேறு வழியில்லாமல் டீ குடித்தது முதல் தும்மியது வரை ஒப்பித்தார். நாளாக ஆக, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். சாயங்காலத்தில் அவர்கள் பேச்சும் சிரிப்பும் படிவழியாக இறங்கி வரும். கீழே சின்னவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தையாவது பிடிபடுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.